குபேர் படகில் டிரான்ஸ்பாண்டர் இருந்திருந்தால்?

கடலோரப் பாதுகாப்பு பற்றி எந்தக் கட்டுரையைப் படித்தாலும் கிட்டத்தட்ட ஒரே பட்டியல்தான் வருகிறது. ரேடார், செயற்கைக்கோள், ட்ரோன், இப்போது கூடவே ஏஐ. இத்தனை கோடி ரூபாய், இத்தனை நிலையங்கள். கடைசியில், இனி ஒரு சிறு படகுகூடக் கண்ணில் படாமல் கரைக்கு வர முடியாது என்கிற தோரணையில் ஒரு வரி.

மதுக்கரையிலிருந்து கடல் நூறு கிலோமீட்டருக்கு மேல். கடலைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், கடலைப் பற்றி ஒன்றும் இல்லீங்க. ஆனால் உள்ளே வருகிறவர் யார், அவர் நிஜமாகவே அவர்தானா என்று சரிபார்க்கும் நிரல்கள் என் தொழிலில் தினசரி விஷயம். நம் கடலோரக் கண்காணிப்பு அமைப்பையும் அந்தக் கண்ணோடு பார்க்கலாம் என்று தோன்றியது. ஒரு மென்பொருளை மதிப்பிடும்போது முதலில் செய்வது, அது எந்தப் பிரச்சினைக்காக எழுதப்பட்டதோ அந்தப் பிரச்சினையையே அதில் ஓட்டிப் பார்ப்பது. இங்கே அந்தப் பிரச்சினை, 2008 நவம்பர் 26.

அன்று நடந்தது என்ன?

சுருக்கமாகச் சொல்கிறேன், பலருக்கும் தெரிந்ததுதான். கராச்சியிலிருந்து கிளம்பிய பத்துப் பேர், நடுக்கடலில் 'குபேர்' என்ற மீன்பிடிப் படகைக் கைப்பற்றினார்கள். குஜராத்தின் போர்பந்தரைச் சேர்ந்த படகு. அதில் இருந்த ஐந்து பேரில் நால்வரைக் கொன்றுவிட்டு, வழிகாட்டுவதற்காகப் படகோட்டியை மட்டும் உயிரோடு வைத்துக்கொண்டார்கள். மும்பை நெருங்கியதும் அவரையும் கொன்றார்கள். குபேரை அங்கேயே விட்டுவிட்டு, காற்றடைத்த ரப்பர் படகில் ஏறி, தெற்கு மும்பையில் பத்வார் பார்க் அருகே உள்ள மீனவர் குடியிருப்பில் கரையிறங்கினார்கள். அவர்களிடம் ஜிபிஎஸ் கருவி இருந்தது. சாட்டிலைட் போன் இருந்தது. அதற்குப் பிறகு நடந்ததில் 166 பேர் இறந்தார்கள்.

இதில் இரண்டு விவரங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, குபேர் அந்நியப் படகு இல்லை. இந்தியப் பதிவெண் கொண்ட, இந்திய முதலாளியின் படகு. இரண்டு, அவர்கள் கரையிறங்கியதை யாருமே பார்க்கவில்லை என்பதும் சரியில்லை. அந்தக் குடியிருப்பு மக்கள் பார்த்தார்கள். புதுசா இருக்காங்களே, யார் இவங்க என்று கேட்கவும் செய்தார்கள். அன்றைக்கு இந்தியக் கடற்கரையில் வேலை செய்த ஒரே சென்சார் அந்த மீனவர்கள்தான். அவர்கள் பார்த்தது நேரத்தோடு போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேரவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு கட்டியது

2008க்குப் பிறகு செலவு செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. முதல் கட்டத்தில் 46 இடங்களில் ரேடார், பகலிலும் இரவிலும் பார்க்கும் கேமரா, ஏஐஎஸ் ரிசீவர், வானிலைக் கருவிகள் கொண்ட கண்காணிப்பு நிலையங்கள். இதில் 36 நாட்டின் நிலப்பரப்பில், 6 லட்சத்தீவில், 4 அந்தமான் நிகோபாரில். இரண்டாம் கட்டத்தில் இன்னும் 38 ரேடார் நிலையங்கள் திட்டமிடப்பட்டன. கருவிகளைச் செய்து நிறுவும் பொறுப்பு பெல் நிறுவனத்துக்கு. 2014 நவம்பரில் குருகிராமில் ஒரு மையம் திறக்கப்பட்டது. கடற்படையின் 20 நிலையங்களும் கடலோரக் காவல்படையின் 31 நிலையங்களும் ஆக மொத்தம் 51 நிலையங்களின் தகவல் அங்கே ஒரே திரையில் சேர்கிறது. இன்னொரு பக்கம் கடலோரக் காவல் நிலையங்கள். தமிழ்நாட்டில் மட்டும் முதல் கட்டத்தில் 12, இரண்டாம் கட்டத்தில் 30.

பொறியியல் என்ற அளவில் இது நல்ல வேலை. பல துறைகளின் தரவை ஒரே படத்தில் கொண்டுவருவது எவ்வளவு கஷ்டம் என்று, நான்கு டேட்டாபேஸை ஒன்றாக இணைக்கப் பார்த்தவர்களுக்குத் தெரியும். என் விமர்சனம் தரத்தைப் பற்றியது இல்லை. இந்தக் கருவிகள் எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்பதைப் பற்றியது.

ரேடாரை எடுத்துக்கொள்வோம். பூமி உருண்டை என்பதால் ரேடாருக்கும் ஒரு தொடுவானம் உண்டு. கணக்கு எளிது: ஆண்டெனா உயரத்தின் வர்க்கமூலத்தையும் இலக்கின் உயரத்தின் வர்க்கமூலத்தையும் கூட்டி, 4.1ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் விடை வரும். 49 மீட்டர் உயரக் கோபுரத்திலிருந்து, தண்ணீருக்கு மேல் 25 மீட்டர் நிற்கும் சரக்குக் கப்பலை 49 கிலோமீட்டர் தூரத்தில் பிடிக்கலாம். அதே கோபுரம், ஒரு மீட்டர் மட்டுமே மேலே தெரியும் ஃபைபர் படகை அதிகபட்சம் 33 கிலோமீட்டரில்தான் பிடிக்க முடியும்.

அதுவும் காகிதத்தில். இரும்பு திருப்பி அனுப்புகிற அளவுக்கு ஃபைபரோ மரமோ ரேடார் அலையைத் திருப்பி அனுப்பாது. கடல் கொந்தளித்தால் அலைகளே ஆயிரம் பொய்ப் புள்ளிகளாகத் திரையில் வரும். அந்தப் பொய்ப் புள்ளிகளை வடிகட்டப் போனால், கூடவே சிறு படகும் வடிகட்டப்பட்டுவிடும். ஆக, எந்த வகைப் படகுக்குப் பயந்து இந்த அமைப்பைக் கட்டினோமோ, அந்த வகைப் படகில்தான் ரேடார் பலவீனம்.

கரையின் நீளத்துக்கும் இதே கதைதான். நம் நாட்டின் கடற்கரை 7516 கிலோமீட்டர் என்று பள்ளியில் படித்தோம். இப்போது அரசின் புதிய அளவீட்டில் அது 11,098 கிலோமீட்டர். நாடு வளரவில்லை, அளக்கும் நுணுக்கம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். சின்ன அளவுகோலை வைத்து அளந்தால் ஒவ்வொரு கழிமுகமும் ஓடையும் கணக்கில் வரும். பெரிய கப்பலுக்கு அந்த ஓடைகள் இல்லாத மாதிரிதான். ரப்பர் படகுக்கு அவை எல்லாமே வாசல்.

ஜுஹூ பீச்சுக்கு வந்த கப்பல்

சிறு படகு கிடக்கட்டும், பெரிய கப்பல்? 2011 ஜூலை 31 அன்று 'பவித்' என்ற, சுமார் 1000 டன் எடையுள்ள கப்பல் மும்பை ஜுஹூ கடற்கரையில் வந்து ஒதுங்கியது. ஒரு மாதத்துக்கு முன்பு ஓமன் பக்கம் பழுதாகி, மாலுமிகள் மீட்கப்பட்டு, கைவிடப்பட்ட கப்பல் அது. ஆளே இல்லாமல் அரபிக் கடலைக் கடந்து, கடற்படை, கடலோரக் காவல்படை, மாநில போலீஸ் என்ற மூன்று வளையங்களையும் தாண்டி, பீச்சில் வந்து நின்றது. அதே ஆண்டு ஜூனில் 'விஸ்டம்' என்ற இன்னொரு கப்பல், இழுத்துச் செல்லப்படும்போது கயிறு அறுந்து, அதே கடற்கரையில் கரை தட்டியிருந்தது.

நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், அப்போது ரேடார் சங்கிலி முழுதாக அமைக்கப்படவில்லை. மழைக்காலம் வேறு. இன்றைக்கு அப்படி ஒரு கப்பல் வந்தால் பார்த்துவிடுவார்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் பவித் சொல்லித்தரும் பாடம் வேறு. அந்தக் கப்பல் ஒளிந்து வரவில்லை, ஏமாற்றவும் பார்க்கவில்லை. சும்மா மிதந்து வந்தது. தன்னைப் பற்றி எதுவும் சொல்லாமல் வந்தது, அது மட்டுமே போதுமானதாக இருந்தது.

நல்லவர்களுக்கான புரோட்டோகால்

கப்பல்கள் தம்மைப் பற்றிச் சொல்லும் முறைக்குப் பெயர்தான் ஏஐஎஸ். 300 டன்னும் அதற்கு மேலும் உள்ள, பன்னாட்டுப் பயணம் போகிற கப்பல்களும் எல்லாப் பயணிகள் கப்பல்களும் இதை வைத்திருக்க வேண்டும் என்பது உலக விதி. கப்பலின் பெயர், அடையாள எண், இருக்கும் இடம், வேகம், திசை எல்லாவற்றையும் விஎச்எஃப் அலையில் சில நொடிக்கு ஒருமுறை அது அறிவித்துக்கொண்டே இருக்கும். கப்பல்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கச் செய்த ஏற்பாடு இது.

மென்பொருள்காரர்கள் இதைப் படித்தால் தலையில் கை வைப்பார்கள். செய்தியை அனுப்பியது யார் என்று சரிபார்க்க ஏஐஎஸ்-ல் வழியே இல்லை. கையொப்பம் கிடையாது, குறியாக்கம் கிடையாது. நான்தான் அந்தக் கப்பல் என்று சொன்னால் நம்பிவிடும். 2013ல் டிரெண்ட் மைக்ரோ ஆய்வாளர்கள், இல்லாத கப்பல் ஒன்றை மத்தியதரைக் கடலில் ஓடவிட்டு, அதன் பாதையையே எழுத்துகளாக வரைந்து காட்டினார்கள். வேண்டாம் என்றால் சுவிட்சை அணைத்துவிடவும் செய்யலாம். 2024 ஜனவரியில் நேச்சர் இதழில் வந்த ஆய்வு ஒன்று, ரேடார் செயற்கைக்கோள் படங்களை ஏஐஎஸ் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தது. உலகின் தொழில்முறை மீன்பிடிக் கப்பல்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு பொதுக் கண்காணிப்பில் தெரியாமலேயே ஓடுகின்றன என்பது அதன் முடிவு.

நம் நாட்டில் 20 மீட்டருக்கு மேல் நீளமுள்ள மீன்பிடிப் படகுகளுக்கு ஏஐஎஸ் கட்டாயம் என்று ஆக்கினார்கள். நம் கரைகளில் நிற்கும் ஃபைபர் படகும் வள்ளமும் அந்த 20 மீட்டரின் பக்கத்தில்கூட வராது.

ஒரு லட்சம் பெட்டிகள்

இந்த ஓட்டையை அடைக்கத்தான் புதிய திட்டம் வந்தது. 2024 ஆகஸ்ட் 30 அன்று மகாராஷ்டிராவின் பால்கரில் பிரதமர் தொடங்கி வைத்தார். 364 கோடி ரூபாய் செலவில், 13 கடலோர மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும், ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு இலவசமாக டிரான்ஸ்பாண்டர். தொழில்நுட்பம் இஸ்ரோவுடையது. செல்போன் டவர் எட்டாத இடத்திலும் செயற்கைக்கோள் வழியாகப் படகின் இருப்பிடம் கரைக்கு வரும். கரையிலிருந்து புயல் எச்சரிக்கை படகுக்குப் போகும். 'நப்மித்ரா' என்ற செயலியில் நம் மொழியிலேயே செய்தி பார்க்கலாம். ஆபத்து என்றால் பொத்தானை அழுத்தலாம். சர்வதேச எல்லைக் கோட்டை நெருங்கினால் எச்சரிக்கும்.

இதைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஏனென்றால் 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தபோது கன்னியாகுமரி மாவட்டத்துக்கு என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். ஆழ்கடலுக்குப் போய்ப் பல நாள் தங்கி மீன் பிடிப்பவர்கள் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்து ஆட்கள். புயல் உருவானபோது அவர்கள் ஏற்கெனவே கடலில் இருந்தார்கள். கரையில் எச்சரிக்கை இருந்தது, கடலில் அதைக் கேட்க வழி இல்லை. அதன்பின் 2019ல் வந்த 'ஜெமினி' கருவி கடலுக்குச் செய்தி அனுப்பியது. ஆனால் அது ஒருவழிப் பாதை, மீனவர் பதில் சொல்ல முடியாது. இருவழியாகப் பேசும் பெட்டி என்பது ஒக்கியின் பாடத்தைச் சரியாகப் படித்ததன் அடையாளம்.

சரி, உயிர்காப்புக் கருவியாக இது நல்லது. பாதுகாப்புக் கருவியாக?

இப்போது சோதனையை ஓட்டிப் பார்ப்போம். குபேரில் இந்தப் பெட்டி பொருத்தப்பட்டிருந்தது, அன்று வேலையும் செய்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டுப்பாட்டு அறைத் திரையில் என்ன தெரிந்திருக்கும்? பதிவு செய்யப்பட்ட, ஆவணங்கள் சரியாக உள்ள ஓர் இந்திய மீன்பிடிப் படகு, இந்தியக் கடலில், மும்பையை நோக்கி மெதுவாகப் போய்க்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான். பெட்டி இல்லாத குபேர் சந்தேகத்துக்குரிய படகாக இருந்திருக்கலாம். பெட்டி உள்ள குபேர் நம்பகமான படகு. கடத்தியவர்களுக்கு நாமே அடையாள அட்டை கொடுத்த மாதிரி.

என் தொழிலில் இதற்கு ஒரு பாடம் உண்டு. கருவியை அடையாளம் காண்பது வேறு, கருவியை வைத்திருப்பவரை அடையாளம் காண்பது வேறு. உங்கள் போனில் ஓடிபி வந்தது என்றால், போன் உங்களுடையது என்பது உறுதி. போன் இப்போது யார் கையில் என்பது உறுதியில்லை. டிரான்ஸ்பாண்டர் படகு எங்கே என்று சொல்லும். படகில் யார் என்று சொல்லாது.

அப்படியானால் குபேர் விஷயத்தில் எதுதான் தப்பு என்று யாருக்குத் தெரிந்திருக்கும்? போர்பந்தரில் இருந்த முதலாளிக்கு. கூடக் கடலுக்குப் போன படகுக்காரர்களுக்கு. வீட்டில் காத்திருந்தவர்களுக்கு. நம்ம படகு ஏன் தெற்கே போகுது, வலை போடாமல் ஏன் இத்தனை நேரம் ஒரே நேராக ஓடுது, கூப்பிட்டா ஏன் எடுக்கல என்ற கேள்விகளை அவர்களால்தான் கேட்க முடியும். குருகிராமில் இருக்கும் அதிகாரி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், அந்தப் படகின் வழக்கம் அவருக்குத் தெரியாது.

ஏஐ பார்த்துக்கொள்ளாதா?

படகின் வழக்கத்தை மெஷின் லேர்னிங் கற்றுக்கொள்ளுமே என்று கேட்கலாம். எங்கள் ஊரிலேயே ஒரு வெற்றி உதாரணம் இருக்கிறது. எட்டிமடைக்கும் வாளையாறுக்கும் நடுவே ரயில் பாதை காட்டுக்குள் போகிறது. 2021 நவம்பர் 26 இரவு, நவக்கரை அருகே ரயில் மோதி மூன்று யானைகள் செத்தன. அதன் பிறகு வனத்துறை ஏஐ கண்காணிப்பு அமைப்பு ஒன்றைக் கொண்டுவந்தது. 2024 பிப்ரவரியில் தொடங்கியது. சுமார் 7 கிலோமீட்டருக்கு 12 கோபுரங்கள், அவற்றில் வெப்பக் கேமராக்கள். யானை பாதையை நெருங்கினால் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் போகும், அங்கிருந்து ரயில் ஓட்டுநருக்கும் வனப் பணியாளர்களுக்கும். யானை டிரான்ஸ்பாண்டர் மாட்டிக்கொண்டு வருவதில்லை. இருந்தும் வேலை செய்கிறது.

ஏன் வேலை செய்கிறது என்று பார்த்தால், கடலில் ஏன் செய்யாது என்பதும் புரியும். பார்க்க வேண்டிய தூரம் 7 கிலோமீட்டர். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: அது யானையா? எதற்கு வந்தது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. யானை என்று தெரிந்தால் செய்ய வேண்டியதும் ஒன்றுதான்: ரயில் வேகத்தைக் குறை. தவறான எச்சரிக்கை வந்தால் நஷ்டம் சில நிமிடம்.

கடலில் கேள்வியே மாறிவிடுகிறது. அது படகா என்று கேட்டால் இயந்திரம் சொல்லிவிடும். அந்தப் படகு என்ன எண்ணத்தோடு வருகிறது என்று கேட்டால்? ஒரு சின்னக் கணக்கு, எண்கள் என் கற்பனை. ஒரு லட்சம் படகுகளில் பாதி ஒரு நாளில் கடலுக்குப் போகின்றன. நம் நிரல் 99 சதவீதம் சரியாக, ஒழுங்கான படகை ஒழுங்கானது என்று சொல்கிறது. மீதி ஒரு சதவீதம் என்றால் தினமும் 500 பொய் எச்சரிக்கை. நிஜத் தாக்குதல் பத்து ஆண்டுக்கு ஒன்று என்றால், அந்த ஒன்றுக்காகப் பார்க்க வேண்டிய பொய் எச்சரிக்கை 18 லட்சத்துக்கும் மேல். நிரலை 99.99 சதவீதத்துக்குத் தேற்றினாலும் 18 ஆயிரத்துக்கு மேல் மிஞ்சும். இரண்டாவது வாரத்திலேயே கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் சத்தத்தை அணைத்துவிடுவார். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்வேன்.

மீன் பிடிப்பது என்பதே விநோதமாக நகரும் தொழில். மீன் எங்கே போகுதோ அங்கே படகு போகும். திடீரென்று திரும்பும், நிற்கும், ராத்திரியில் விளக்கை அணைக்கும். எது இயல்பு, எது விபரீதம் என்பது அதே கடலில் புழங்குகிறவருக்கு ஒரு பார்வையில் தெரியும். தரவுக்குத் தெரியாது.

பெட்டியை யார் அணைப்பார்கள்?

இங்கேதான் விஷயம் பாக் நீரிணைக்கு வருகிறது. தமிழ்நாட்டில் இந்தத் திட்டத்தின் உண்மையான பரீட்சை அங்கேதான்.

1974லும் 1976லும் செய்த ஒப்பந்தங்களில் இந்தியாவும் இலங்கையும் கடலில் கோடு போட்டுக்கொண்டன. ராமேஸ்வரம் விசைப்படகுக்கு அந்தக் கோடு ஒன்றிரண்டு மணி நேர ஓட்டத்தில் வந்துவிடும். கோட்டுக்கு இந்தப் பக்கம் பல ஆண்டு இழுவைமடி ஓடி, மீன் வளம் குறைந்துபோயிற்று. அந்தப் பக்கம் மீன் இருக்கிறது. அதை நம்பி வாழும் வடக்கு இலங்கைத் தமிழ் மீனவர்களும் இருக்கிறார்கள். எல்லை தாண்டுவது பல சமயம் தெரியாமல் நடப்பதில்லை. எல்லை வந்தாச்சு என்று பெட்டி எச்சரித்தால், தெரிந்தே போகிறவருக்கு அது தொந்தரவுதான்.

அதே பெட்டி அவருக்குச் சாட்சியாகவும் நிற்கலாம். நம் எல்லைக்குள் வைத்தே பிடித்தார்கள் என்று மீனவர்கள் சொல்வதை எத்தனையோ முறை செய்தியில் படித்திருக்கிறோம். நிரூபிக்க வழி இருந்ததில்லை. நொடி, இடம் இரண்டும் பதிவாகியிருந்தால் அது பலமான ஆதாரம். ஆனால் அதே பதிவு, போன வாரம் நீ அந்தப் பக்கம் போனாய் என்றும் சொல்லும். டீசல் மானியத்தை நிறுத்தவும் அதைக் காட்டலாம், உரிமத்தை ரத்து செய்யவும் காட்டலாம். கத்தி இரண்டு பக்கமும் வெட்டும்; பிடி யார் கையில் என்பதுதான் கேள்வி.

இன்னொன்று, மீன் கிடைக்கும் இடம் ஒரு மீனவரின் தொழில் ரகசியம். பக்கத்து வீட்டுக்காரரிடம்கூடச் சொல்ல மாட்டார். அவருடைய ஒவ்வொரு நகர்வும் ஒரு சர்வரில் சேர்கிறது என்றால், அதை யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம், எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்று எழுத்தில் இருக்க வேண்டாமா? 2023ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அரசு தன் அமைப்புகளுக்கு விலக்கு அளித்துக்கொள்ள இடம் தருகிறது. சாதாரணமாக ஒரு செயலி நம் இருப்பிடத்தைக் கேட்டாலே யோசிக்கிறோம். வாழ்நாள் முழுக்கக் கடலில் போன தடத்தைக் கொடு என்று கேட்கும்போது அவருக்கும் யோசனை வரத்தான் செய்யும்.

பதில் இல்லை என்றால் என்ன நடக்கும்? பேட்டரி தீர்ந்துபோச்சு, வயர் அறுந்துபோச்சு, உப்புத் தண்ணி பட்டு கெட்டுப்போச்சு. படகில் கருவி கெட்டுப்போவதற்குக் காரணமா இல்லை? கணக்கில் ஒரு லட்சம் பெட்டி இருக்கும். எத்தனை உயிரோடு இருக்கிறது என்பது வேறு எண்.

ஆள்தான் தகவல்

எதிர்வாதம் ஒன்றையும் பார்த்துவிட வேண்டும். மீனவர்களை அப்படியே நம்பிவிட முடியுமா, கடத்தலும் அந்தப் படகுகளில்தானே நடக்கிறது என்பார்கள். உண்மைதான். 2019க்குப் பிறகு இலங்கை மஞ்சள் இறக்குமதியைத் தடுத்தபோது, ஈரோட்டுப் பக்கம் மூட்டை கணக்கில் நாம் பார்க்கும் மஞ்சள், ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரைகளில் கடத்தல் சரக்காகப் பிடிபட்டது. பீடி இலை, கடல் அட்டை, தங்கம் எல்லாம் உண்டு.

ஆனால் அவை எப்படிப் பிடிபடுகின்றன என்று பாருங்கள். 2023 மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் மண்டபம் அருகே இரண்டு படகுகளில் வந்த 32 கிலோவுக்கு மேலான தங்கம் கைப்பற்றப்பட்டது. ஒரு படகிலிருந்து கடலில் வீசியதை முக்குளிப்பவர்களை இறக்கி எடுத்தார்கள். வருவாய்ப் புலனாய்வுத் துறைக்கு முன்கூட்டியே வந்த தகவல்தான் அதற்குத் தொடக்கம். அதன் பிறகே படகும் ஆளும் கருவியும் கிளம்பின. 1993 மும்பை குண்டுவெடிப்புக்கான ஆர்டிஎக்ஸ் ராய்கட் மாவட்டத்தின் ஷெகாடி, திகி கரைகளில் இறங்கியபோது நடந்தது இதற்கு நேர் எதிர். பார்க்க வேண்டியவர்களே பணம் வாங்கிக்கொண்டு பார்க்காமல் இருந்தார்கள். பின்னர் அதிகாரிகளும் தண்டிக்கப்பட்டார்கள். அன்றைக்கு அங்கே உலகத்தின் சிறந்த ரேடார் இருந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. இரண்டு சம்பவத்திலும் முடிவைத் தீர்மானித்தது கரையில் இருந்த மனிதர்கள்.

ரேடார் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ரேடார் தூரத்தைப் பார்க்கட்டும், செயற்கைக்கோள் ஆழ்கடலைப் பார்க்கட்டும். ஆனால் கரையை ஒட்டிய அந்தக் கடைசி இருபது முப்பது கிலோமீட்டரில், ஆயிரம் படகுகளுக்கு நடுவே ஒன்று மட்டும் தப்பானது என்று கண்டுபிடிக்கும் திறமை மீனவ சமூகத்திடம்தான் இருக்கிறது. மீனவர்களைக் கடலின் கண்களும் காதுகளும் என்று மேடையில் சொல்கிறார்கள். கருவியை வடிவமைக்கும்போது மட்டும் அவர்கள் திரையில் நகரும் புள்ளியாகிவிடுகிறார்கள்.

மாற்ற வேண்டியது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. படகு எங்கே இருக்கிறது என்பது முதலில் அதன் முதலாளியின் போனிலும் வீட்டார் போனிலும் தெரிய வேண்டும். விபரீதமாக நகர்ந்தால், கட்டுப்பாட்டு அறைக்கு 500 எச்சரிக்கை போவதற்கு முன்னால், உங்க படகு வழக்கமில்லாத பாதையில் போகுது, சரிதானா என்று அவர்களுக்குக் கேள்வி போக வேண்டும். நானூற்றுத் தொண்ணூறு பேர், தெரியும், மீன் அங்கே கிடைக்குதாம் என்று பதில் சொல்வார்கள். இல்லையே, கூப்பிட்டாலும் எடுக்கல என்று சொல்லும் பத்துப் பேரின் படகுகளை மட்டும் கடலோரக் காவல்படை பார்த்தால் போதும். ஆபத்துப் பொத்தானை அழுத்துவதோடு சேர்த்து, படகில் ஆள் மாறிவிட்டது என்று சத்தமில்லாமல் சொல்ல ஒரு ரகசிய சைகையும் வேண்டும். வங்கி அலாரத்தில் காலின் கீழே ஒரு பொத்தான் வைப்பது மாதிரி. தடப்பதிவு மீனவருக்குச் சொந்தம், அவர் கேட்டால் சான்றோடு நகல் தர வேண்டும், நீதிமன்ற ஆணை இல்லாமல் அவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு விதி. இவை எதற்கும் புதிய செயற்கைக்கோள் தேவையில்லை.

பெட்டி தனக்காக இருக்கிறது என்று மீனவருக்குத் தோன்றினால், அவரே அதைத் துடைத்து, பேட்டரி மாற்றி, உயிரோடு வைத்திருப்பார். தன்னைப் பிடிப்பதற்காக இருக்கிறது என்று தோன்றினால், உப்புத் தண்ணி பார்த்துக்கொள்ளும்.

அடுத்த முறை கடலோரப் பாதுகாப்புக்கு இத்தனை கோடி, இத்தனை ஆயிரம் கருவி என்று செய்தி வரும்போது, இரண்டே எண்களைத் தேடிப் பாருங்கள். நேற்று கடலுக்குப் போன படகுகளில் எத்தனை பெட்டிகள் ஓடிக்கொண்டிருந்தன? ஆபத்துப் பொத்தானை அழுத்தியவருக்கு எத்தனை நிமிடத்தில் பதில் வந்தது? இந்த இரண்டும் அறிவிப்பில் இல்லை என்றால், அது கருவி வாங்கிய செய்தி. பாதுகாப்பைப் பற்றி அதில் இன்னும் ஒன்றும் இல்லை.